சொல்லுக்குப் பிணை

தமிழில் 'தலைவர்' என்னும் சொல்லைப் போலத் தேய்ந்துபோன சொல் பிறிதொன்று உண்டோ என்பது ஐயமே. கிளைத் தலைவர், கோயில் தலைவர், பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர், விழாக்குழுத் தலைவர் என்று ஈப்போ நகரின் சிலிபின் வட்டாரத்தில் மட்டும் எண்ணத் தொடங்கினாலும் ஒரு மாலைப்பொழுது போதாது. எதிரே வருபவரின் பெயர் மறந்துபோனால், "தலைவரே" என்று விளித்துவிடலாம். பெரும்பாலும் பிழை நேராது. பழந்தமிழில் இச்சொல் இத்துணை மலிவாக வழங்கியதில்லை. அகத்துறையில் தலைவன் காதலுக்கு உரியவன்; புறத்துறையில் பாட்டுக்கு உரியவன். பாட்டுக்கு உரியவனாவதற்கு அவன் ஏதேனும் செய்திருத்தல் வேண்டும். இன்றோ மாலை முதலில் விழுகிறது; செய்தது யாது என்னும் வினா எழுந்தால், நன்றியுரைக்குப் பின்னரே எழுகிறது.

மெய்யான தலைவர் யார், போலித் தலைவர் யார் என்று கேட்டால் வழக்கமாகக் கிடைக்கும் விடைகள் சில உண்டு. நாவன்மை உடையவர் என்பர் சிலர். எளிமையானவர் என்பர் சிலர். மக்களோடு மக்களாய்ப் பிறந்து வளர்ந்தவர் என்பர் வேறு சிலர். இவை யாவும் நல்ல குணங்களே. ஆயினும் இவற்றுள் நடிக்க இயலாதது எது? நாவன்மை பயிற்சியால் வரும். எளிமையை ஒரு கதர்ச் சட்டை காட்டிவிடும். தோட்டத்தில் பிறந்தவன் என்று மேடைதோறும் முழங்குபவர் தோட்டத்தை விட்டு வந்து நாற்பது ஆண்டுகள் ஆகியிருக்கலாம். வள்ளுவர் பொருட்பாலில் அரசியலுக்கென 25 அதிகாரங்களை வகுத்து, அவற்றின் முதலில் இறைமாட்சியை வைத்தார். செவிக்குக் கசக்கும் சொல்லைப் பொறுக்கும் பண்பு அரசனுக்கு வேண்டும் என்று அங்கே அவர் கூறுவது நுட்பமானது. ஏனெனில் அது பிறர் சோதித்து அறியக்கூடிய குணம். கசப்பான சொல் ஒன்றைச் சொல்லிப் பார்த்தால் தெரிந்துவிடும். எனினும் அச்சோதனை, தலைவன் பிறர் சொல்லை எவ்வாறு ஏற்கிறான் என்பதையே காட்டும். தன் சொல்லுக்கு அவன் என்ன செய்கிறான் என்பதை அறிய வேறிடம் செல்ல வேண்டும்.

அவ்விடம் புறநானூற்றின் வஞ்சினக் காஞ்சி. 72ஆம் பாட்டு தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் தானே பாடியது. இளையன் என்று தன்னை எள்ளிய பகைவரை வெல்வேன் என்கிறான் அவன். அவ்வளவில் நின்றிருந்தால் அது வெறும் வீரப்பேச்சு. அவன் நிற்கவில்லை. வெல்லேனாயின், என் குடைநிழலில் வாழ்வோர் புகலிடம் காணாது அழுது, எம் அரசன் கொடியவன் என்று பழிக்கட்டும். மாங்குடி மருதனைத் தலைமையாகக் கொண்ட புலவர் என் நாட்டைப் பாடாது விடட்டும். இரந்து வருவோர்க்கு ஈய முடியாத வறுமை என்னைச் சேரட்டும் என்கிறான். பள்ளிகளில் இப்பாட்டு வீரத்துக்கு எடுத்துக்காட்டாகவே கற்பிக்கப்பெறுகிறது. அது குறைந்த வாசிப்பு. பாண்டியன் தன் உயிரை ஈடு வைத்திருக்கலாம், வைக்கவில்லை. போரில் தோற்றவன் உயிர் எப்படியும் போகக்கூடியது. அதனை ஈடாக வைப்பதில் பெரும்பொருள் இல்லை. குடிகளின் நல்லெண்ணம், புலவரின் பாட்டு, ஈயும் ஆற்றல் ஆகிய மூன்றுமே ஒருவனை அரசனாக்குவன. அவற்றையே அவன் பணயமாக வைக்கிறான். சொன்னது பொய்த்தால் அரசனாக இருக்கும் உரிமையே தனக்கு இல்லை என்று தன் வாயாலேயே எழுதிக் கொடுக்கும் பத்திரம் அது.

சொன்ன சொல் பொய்த்தால் சொன்னவருக்கு என்ன இழப்பு என்று கேட்டுப் பார்ப்பதே தலைமைக்கு ஏற்ற உரைகல். இவ்வுரைகல்லைக் கொண்டு பேரா மாநிலத்தின் இரண்டு தமிழர்களை உரைத்துப் பார்க்கலாம். ஒருவர் பெயர் ஈப்போ நகரிலேயே ஒரு பூங்காவாக நிற்கிறது. சிலிபின்வாசிகள் பிள்ளைகளை அழைத்துச் சென்ற டி. ஆர். சீனிவாசகம் பூங்கா அது. மற்றவர் ஈப்போவுக்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டரிலுள்ள சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன். இருவரும் எதிரெதிர் முகாம்களில் இருந்தவர்கள். அக்காலத்தில் ஒருவரைப் புகழ்ந்தவர் மற்றவரை இகழ்ந்தாக வேண்டும் என்பது எழுதப்படாத விதி. தொண்டர்கள் மறைந்த பின்னும் அவ்விதி மறையாதிருப்பது வியப்பே.

சீனிவாசகம் 1921இல் ஈப்போவில் பிறந்த இலங்கைத் தமிழ் மரபினர், வழக்கறிஞர். தமையனார் எஸ். பி. சீனிவாசகத்தோடு சேர்ந்து 1953இல் முற்போக்குக் கட்சியைக் கட்டினார். 1955ஆம் ஆண்டுத் தேர்தலில் கூட்டணி 52 இடங்களில் 51ஐப் பிடித்திருந்த சட்டமன்றத்துக்குள், 1957ஆம் ஆண்டு இடைத்தேர்தல் ஒன்றின் வாயிலாக நுழைந்தார். 1959 முதல் 1969இல் மறையும்வரை ஈப்போவின் மக்களவை உறுப்பினராக இருந்தார். அவருக்கு வாக்களித்தோரில் பெரும்பாலோர் சீனர்; ஈயச் சுரங்கங்களிலும் புதுக்கிராமங்களிலும் வாழ்ந்த எளியோர். தலைவன் நம் குருதியாகவே இருத்தல் வேண்டும் என்போர் இதனை எண்ணிப் பார்க்கலாம். ஒரு தமிழரைத் தம்மவர் என்று அம்மக்கள் கொண்டதற்குக் காரணம் குருதியன்று. கையில் காசில்லாதவருக்கும் அவர் வழக்காடினார்.

ஆயினும் அவர் தலைமையின் மெய்த்தன்மையைக் காட்டும் நிகழ்ச்சி நீதிமன்றத்துக்குப் போன அவருடைய சொந்த வழக்கே. 1960களில் கல்வியமைச்சராக இருந்த அப்துல் ரஹ்மான் தாலிப் மீது அவர் மக்களவையில் ஊழல் குற்றம் சாட்டினார். மன்றத்துக்குள் உறுப்பினர் பேசும் பேச்சுக்கு வழக்குத் தொடர இயலாது. அது நாடாளுமன்ற முறை தரும் கேடயம். அதே சொல்லை வெளியே சொல்லிப் பார் என்று அறைகூவல் வந்தது. அவர் வெளியே சென்று சொன்னார். அமைச்சர் மானநஷ்ட வழக்குத் தொடுத்தார், தோற்றார், பதவியும் துறந்தார். இதனைச் சொல்லும்போது வெற்றியையே பலரும் பெரிதாகச் சொல்வர். பார்க்க வேண்டியது வெற்றியை அன்று. கேடயத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்ன அந்த ஒரு கணத்தையே. தோற்றிருந்தால் அவருடைய பொருள் போயிருக்கும். வழக்கறிஞர் என்னும் பெயரும் குலைந்திருக்கும். சொல் நம்பத்தகாதவர் என்று ஈப்போ மக்கள் முகம் திருப்பியிருப்பர். பாண்டியன் வைத்த பணயத்துக்கும் இதற்கும் தன்மையில் வேறுபாடு இல்லை.

சம்பந்தன் வைத்த பிணை வேறு வகையினது. அதனை விளக்கச் சற்று விரிவு வேண்டும்.

அவர் 1919ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் பிறந்தவர். தந்தையார் வீராசாமி தமிழகத்திலிருந்து வந்து சுங்கை சிப்புட்டில் ரப்பர்த் தோட்டம் வைத்தவர். ஆகவே சம்பந்தன் பால்மரம் வெட்டியவரும் அல்லர், வெட்டியவரின் மகனும் அல்லர், முதலாளியின் மகன். கோலகங்சார் கிளிபர்டு பள்ளியிலும் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் கற்றவர். (அவருடைய 29ஆம் பிறந்தநாளான 1948 ஜூன் 16 அன்றுதான் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைத் துரைமார் சுட்டுக்கொல்லப்பட்டு நாட்டில் அவசரகாலம் பிறந்தது. வரலாறு சில வேளைகளில் தேதிகளைக் கொண்டு விளையாடுகிறது.) 1955இல் மலாயா இந்தியர் காங்கிரசின் தலைவரானார், 1973வரை அப்பதவியில் இருந்தார். அதற்குமுன் ஆங்கிலம் கற்ற நகரத்தாரின் கழகமாகவே தோன்றிய அக்கட்சி, அவர் காலத்திலேயே தோட்டத்துத் தமிழில் பேசக் கற்றது. அவர் அமைச்சரானபோது இந்தியருக்கு இருந்த அரசியல் வலிமை என்ன? 1955ஆம் ஆண்டு வாக்காளரில் இந்தியர் நூற்றுக்கு ஐவர்கூட இல்லை. பெரும்பாலோர்க்குக் குடியுரிமையே இல்லாத காலம். வாக்கில்லாத மக்களுக்குத் தலைவராயிருப்பது கடன் கொடுக்க ஆளில்லாத ஊரில் வாணிகம் செய்வது போன்றது.

அந்நாளில் தோட்டத் தொழிலாளியின் தலைமேல் விழுந்த இடி, தோட்டங்கள் துண்டாடப்பட்டது. கொரியப் போரின்போது ரப்பர் விலை உயர்ந்து பின் இறங்கியது. அவசரகாலத்து அச்சமும், விடுதலைக்குப்பின் என்ன நேருமோ என்னும் ஐயமும் சேர்ந்தன. மரங்களும் முதிர்ந்திருந்தன. வெள்ளையர் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்கத் தலைப்பட்டன. வாங்கியோர் தோட்டம் நடத்த வாங்கவில்லை. துண்டுதுண்டாக வெட்டி இலாபத்துக்கு விற்க வாங்கினர். பத்து ஏக்கர் வாங்கியவருக்கு நூறு தொழிலாளர் எதற்கு? பேராசிரியர் உங்கு அஸிஸ் 1951 முதல் 1960வரை நடந்த இத்துண்டாடலை ஆராய்ந்து 1962இல் வெளியிட்ட நூல் அதன் கேடுகளை விரிவாகப் பதிவு செய்தது. புள்ளிக்கணக்கில் அடங்காத கேடும் உண்டு. தோட்டம் என்பது வேலையிடம் மட்டுமன்று. குடியிருக்கும் லயன் வீடு அங்கே, மாரியம்மன் கோயில் அங்கே, தமிழ்ப்பள்ளி அங்கே, பெற்றோரைப் புதைத்த மண் அங்கே. தோட்டம் கைமாறிய அன்று வேலை போகும். அடுத்த மாதம் வீடு போகும். பிள்ளைகள் குறையக் குறையப் பள்ளிக்கூடத்தின் கதவு அடைபடும். பெரட்டுக்கு மணியடித்த இடத்தில் மணி ஓயும். நகரோரங்களில் பலகை வீடுகள் பெருகிய கதையின் முதல் அத்தியாயம் இதுவே.

இந்நிலையில் தலைவர்கள் செய்வது யாது? கண்டனத் தீர்மானம், அமைச்சருக்கு மகஜர், கண்ணீர் மல்கும் பேச்சு. இவற்றுள் எதற்கும் பிணை தேவையில்லை. சம்பந்தனும் பேசினார், ஆனால் பேச்சின் முடிவில் பத்து வெள்ளி கேட்டார். 1960இல் தோன்றிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் திட்டம் எளியது. தொழிலாளி பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கு பெறுவான். திரண்ட பணத்தால் விற்பனைக்கு வரும் தோட்டத்தைச் சங்கமே வாங்கும். தோட்டம் வெட்டுப்படாது நிற்கும். அமைச்சராக இருந்தவர், வேலை முடிந்த மாலைகளில் தோட்டம் தோட்டமாகச் சென்று, திடல்களில் நின்று, இதனை விளக்கினார். நகைத்தவர் பலர். கூலிக்காரனாவது தோட்டம் வாங்குவதாவது என்றனர். கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாகப் பல தோட்டங்கள் சங்கத்தின் கைக்கு வந்தன.

ஏழையிடம் பணம் கேட்பது எத்துணை அபாயமானது என்பதைக் கேட்டுப் பார்த்தவரே அறிவர். ஓட்டுக் கொடுத்து ஏமாந்தவன் ஐந்தாண்டில் மறந்துவிடுவான். பத்து வெள்ளி கொடுத்து ஏமாந்தவன் பேரன் காலம்வரை மறக்கமாட்டான். பால்மரம் வெட்டும் கையால் மாதந்தோறும் பிரித்தெடுத்துக் கொடுத்த பத்து வெள்ளி அது. கங்காணிக்குக் கொடுத்துக் கெட்டவன், சீட்டுப் போட்டு இழந்தவன், கப்பல் சீட்டுக்கு முன்பணம் கட்டி நின்றவன் என்று ஏமாற்றத்தின் நினைவு மிகுந்த கூட்டம் அது. அவர்களிடம் கைநீட்டிய சம்பந்தன் தம் பெயர் முழுவதையும் ஈடு வைத்தார். மேலும் கூட்டுறவு என்பதில் கணக்குத் தணிக்கை உண்டு. ஆண்டுப் பொதுக்கூட்டம் உண்டு. மேடையில் சொன்ன சொல் ஏட்டில் எண்ணாகிவிடும். எண்ணைக் கைதட்டலால் மாற்ற முடியாது. பாராளுமன்றப் பேச்சையும் கட்சி மாநாட்டுப் பேச்சையும் காற்றில் விட்டுவிடலாம். ரசீது கொடுத்த சொல்லை விட முடியாது. 1973இல் கட்சித் தலைமையை விட்டபின்னும் 1979 மே மாதம் மறையும்வரை அவர் சங்கத்தை விடாதிருந்தமைக்கு இதுவே காரணம் எனலாம். பதவி அவரை விட்டது. பத்து வெள்ளி அவரை விடவில்லை.

இங்கே எஸ். ஏ. கணபதியை நினைப்போர் உண்டு. அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்து, 1949 மே 4ஆம் நாள் தூக்கிலிடப்பட்ட அவ்விளைஞர் உயிரையே கொடுத்தார். பணத்தையும் பெயரையும் ஈடு வைத்தவரை அவரோடு ஒப்பிடலாமா என்று கேட்பர். ஒப்பிட வேண்டுவதில்லை. தியாகம் வேறு, பிணை வேறு. உயிர்நீத்தவரைப் போற்றலாம், ஆனால் அடுத்த ஆண்டுக் கணக்கை அவரிடம் கேட்க முடியாது. தலைமையின் கடினமான பகுதி, கேட்கும்போது கிடைக்கும்படி உயிரோடு இருந்து விடைசொல்வதுதான். கணபதிக்கு அந்த வாய்ப்பை ஆட்சி கொடுக்கவில்லை என்பது அவர் குற்றமன்று.

புகழ்ந்தது போதும். உரைகல் மாற்றுக் குறைவையும் காட்ட வேண்டும்.

சம்பந்தனின் பிணை கூட்டுறவில் மட்டுமே முழுமையாக இருந்தது. அமைச்சரவையில் அவர் சொல்லுக்குப் பிணை எங்கே? 1968ஆம் ஆண்டு வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாதோர் வேலை அனுமதிச் சீட்டுக்கு அலைந்தபோது, ஆயிரக்கணக்கான தோட்டக் குடும்பங்கள் மூட்டை கட்டி நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பலேறின. இந்தியரின் தலைவர் அமைச்சராக இருந்த காலம் அது. உள்ளே அவர் வாதாடியிருக்கலாம். கூட்டணி ஒழுக்கத்தின் திரைக்குள் நடந்த வாதத்துக்கு வெளியே இருப்போர் சாட்சியாக முடியாது. வாதம் தோற்றால் பதவி துறப்பேன் என்று அவர் வஞ்சினம் கூறியதில்லை. கூறியிருந்தால் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கிடைத்த அரசாங்கக் கதவுகள் அடைபட்டிருக்கும் என்பது அவருக்காகச் சொல்லத்தக்க விடை. அது வலுவுள்ள விடைதான். ஆயினும் கப்பலேறியவருக்கு அது விடையாகாது.

கூட்டுறவிலும் ஒரு குறை உண்டு. பங்குதாரனான தொழிலாளி மறுநாட் காலையிலும் அதே பெரட்டில் நின்றான். அதே தண்டலின் குரலைக் கேட்டான். காகிதத்தில் முதலாளி, நிரையில் கூலி. தோட்டம் வெட்டுப்படாது காப்பாற்றப்பட்டது. தோட்டத்துக்குள் இருந்த மேல் கீழ் அவ்வளவில் மாறவில்லை. சங்கம் வாங்காமலிருந்தால் அவனுக்கு நிற்கப் பெரட்டே இருந்திராது என்பதையும் உடன் சொல்ல வேண்டும். பதினெட்டு ஆண்டுகள் ஒரே நாற்காலியில் அமர்ந்தவர், அடுத்தவருக்கு அதை அமைதியாகக் கைமாற்றும் வழியை அமைக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் கட்சிக்குள் மூண்ட பூசல் அதன் விளைவே.

சீனிவாசகத்தின் குறை வேறு. அவர் பிணை அவரோடு போயிற்று. 1969 மார்ச் மாதம், தேர்தலுக்கு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் முன்னர், அவர் மறைந்தார். கட்சி ஒரு குடும்பத்தின் வீட்டு முற்றமாகவே இருந்துவிட்டது. தமையனார் எதிர்த்துநின்ற கூட்டணியோடே பின்னர் கைகோத்தார். 1974ஆம் ஆண்டுத் தேர்தலில் கட்சி வீழ்ந்தது. அடுத்த ஆண்டில் அவரும் மறைந்தார். ஈப்போ நகராண்மைக் கழகத்தையே ஆண்ட ஒரு கட்சி, இரண்டு மரணங்களுக்குள் இவ்வாறு சுருங்கியது. தனியொருவர் வாய்ச்சொல்லுக்குத் தாமே பிணை நின்றால், அவர் போனபின் பிணைமுறி யாரிடம் செல்லும்? சம்பந்தனின் சங்கம் அவருக்குப்பின்னும் நின்றது. சீனிவாசகத்துக்குப் பூங்கா நிற்கிறது. இருவருள் யார் துணிந்தவர் என்று கேட்டால் சீனிவாசகம் எனலாம். யாருடைய சொல் நீண்டது என்று கேட்டால் சம்பந்தனுடையது. இவ்விரண்டும் ஒருவரிடம் கூடியதைப் பேரா மாநிலம் இன்னும் கண்டதில்லை.

இவர்களைப் பற்றி இதுவரை எழுதப்பெற்றவை பெரும்பாலும் மலர்களும் வாழ்த்துப்பாக்களுமே. நினைவு நாள் வந்தால் ஒரே அடைமொழிகள் ஆண்டுதோறும் இடம் மாறி அச்சேறுகின்றன; படம் மட்டும் சில வேளைகளில் மாறும். குறைகாட்டினால் பகை என்றும், நிறைகாட்டினால் அடிமை என்றும் கருதும் வழக்கத்தால் நேரிய மதிப்பீடு ஒன்று எழாதே போயிற்று. நெடுஞ்செழியன் தலையாலங்கானத்தில் வென்றான். மாங்குடி மருதனும் பாடினார். அவர் பாடிய மதுரைக்காஞ்சி 782 அடிகளைக் கொண்டது. அதில் பாண்டியனின் வெற்றியும் உண்டு, மதுரை மாநகரின் கடைத்தெருவும் இரவும் விடியலும் உண்டு. கூடவே, உன்னைப்போல் ஆண்டு மாண்டோர் கடற்கரை மணலினும் பலர் என்று அம்மன்னன் முகத்துக்கு நேரே கூறும் பகுதியும் உண்டு. மன்னன் அதனைக் கேட்டுக்கொண்டிருந்தான்.